பிலிப்பைன்ஸ் கைத்தறியில் இன்றைய உடை: பேட்டர்னுக்கு முன்னால் பன்னாவைப் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஃபேஷன் டிசைன் படிக்கிறேன். பிலிப்பைன்ஸின் பாரம்பரியக் கைத்தறித் துணிகளை வைத்து இன்று அணியக்கூடிய ஜாக்கெட், சட்டை, கவுன் செய்ய விரும்புகிறேன். எந்தத் துணி எதற்கு ஆகும்? சாதாரணத் துணி மாதிரியே வெட்டித் தைக்கலாமா?"

தைக்கலாம். ஆனால் முதலில் ஸ்கெட்ச், பிறகு பேட்டர்ன், கடைசியில் துணி என்று கல்லூரியில் பழகிய வரிசையை இங்கே தலைகீழாக மாற்ற வேண்டும். துணியைக் கையில் எடுங்கள். பன்னா (துணியின் அகலம்) எவ்வளவு, டிசைன் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, எந்தத் திசையில் மடங்கும், எங்கே மடித்தால் உடையும் என்று பாருங்கள். உடையைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு. மில் துணிக்குப் போட்ட பேட்டர்னை அப்படியே இவற்றின் மேல் விரித்து வெட்டுவதால்தான் இந்தத் துணிகள் அதிகம் வீணாகின்றன.

பிலிப்பைன்ஸ் கைத்தறி என்று ஒரே துணி கிடையாது. வடக்கே லூசோன் தீவின் இலோகோஸ் பகுதியில் மிதிதறியில் பருத்தியில் நெய்வது இனாபெல். கார்டிலேரா மலைகளில் இஃபுகாவ், காலிங்கா மக்கள் இடுப்புத்தறியில் கோடு போட்ட துணிகளை நெய்கிறார்கள். நடுவே விசாயாஸ் தீவுகளில் அக்லான் மாகாணத்தின் பின்யா, இலோயிலோவின் ஹாப்லோன். தெற்கே மிண்டனாவோவில் டிபோலி மக்களின் டினாலக், மகிந்தனாவோ மக்களின் இனாவுல். அதற்கும் மேற்கே பசிலான் தீவிலிருந்து வந்த யாக்கான் மக்களின் கனமான பூவேலைத் துணி. ஒன்று பருத்தி, ஒன்று அன்னாசி இலையின் நார், ஒன்று வாழை இனத்தைச் சேர்ந்த அபாகாவின் நார். ஒன்றுக்குச் சரியான ஊசியும் தையலும் இன்னொன்றைக் கெடுக்கும்.

பன்னா

இடுப்புத்தறியில் பாவின் (நீளவாக்கில் ஓடும் இழைகளின்) ஒரு முனை தூணிலோ சுவரிலோ கட்டப்பட்டிருக்கும். மறுமுனை நெசவாளரின் இடுப்புப் பட்டையோடு சேர்ந்திருக்கும். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். இரண்டு கையும் வசதியாக எட்டும் தூரத்துக்கு மேல் துணியின் அகலம் போகாது. அதனால் டினாலக், யாக்கான், கார்டிலேரா துணிகள் பெரும்பாலும் இரண்டு அடிக்குள்தான் கிடைக்கும். மிதிதறியில் நெய்த இனாபெல் பொதுவாக 24 முதல் 36 அங்குலம். பின்யா சுமார் 30 அங்குலம். ஒரே ஊரில் இரண்டு நெசவாளர்களின் துணிக்குள்ளும் ஓர் அங்குலம் வித்தியாசம் வரும். ஆகவே துணி கைக்கு வந்ததும் தலைப்பு, நடு, கடைசி என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே உங்கள் பன்னாவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

44, 58 அங்குலப் பன்னாவுக்குப் பழகிய கண்ணுக்கு 24 அங்குலப் பன்னா குறையாகத் தெரியும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. மார்பு 36 அங்குலம் உள்ள ஒருவருக்குத் தளர்வான ஒரு ஜாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 42, உயரம் 24, தோள் இறங்கிய நேர் கை. பின்பக்கம் 21 அங்குலம், பக்கத்துக்கு ஒன்றாகத் தையலுக்கு 2, ஆக 23; ஒரு பன்னாவில் அடங்கிவிடும். முன்பக்கம் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் பத்தரை, பக்கத் தையலுக்கு 1, முன் விளிம்புக்கு அரை, ஆக 12. இரண்டும் அருகருகே வைத்தால் சரியாக 24. இங்கே ஒரு வசதி உண்டு: துணியின் இரண்டு கரையும் ஜாக்கெட்டின் முன் விளிம்பாக அமையும்படி வைத்தால், நெசவாளர் போட்ட கரையே முடிந்த விளிம்பு. உள்பட்டி வைக்க வேண்டியதில்லை, பிரியவும் பிரியாது.

உயரம் 24, மேலும் கீழும் தையலுக்கு 2, ஆக 26. முன்பக்கத்துக்கு ஒரு 26, பின்பக்கத்துக்கு ஒரு 26. கை ஒன்றுக்கு 18 அகலம், 19 நீளம். இரண்டு கைக்கும் 38. மொத்தம் 90 அங்குலம். சுருக்கத்துக்கு 6 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 95. டிசைனைப் பொருத்த ஒரு முழு ரிப்பீட்டை (டிசைன் ஒருமுறை முழுதாக வரும் நீளத்தை) கூடுதலாகச் சேருங்கள். ரிப்பீட் 6 அங்குலம் என்றால் 101, 102 அங்குலம் வரும். அதாவது சுமார் 2.6 மீட்டர். கை வெட்டிய இடத்தில் 6 அங்குல அகலத்தில் 38 அங்குல நீளத்துக்குத் துணி மிஞ்சும். காலரும் பாக்கெட் பட்டியும் அதில் வந்துவிடும். கீழே விழும் துண்டு கைப்பிடி அளவுகூட இருக்காது.

முன்பக்கத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டக் கூடாது. கைத்தறியில் ஊடையை நெருக்க நெசவாளர் அடிக்கும் அடி காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி விழும். ஒரே டிசைன் துணியின் தொடக்கத்தில் 6 அங்குலமும் இரண்டு மீட்டர் தள்ளி ஆறேகால் அங்குலமுமாக இருக்கும். அப்படி எடுத்த இரண்டு முன்பக்கங்கள் பட்டன் போடும் இடத்தில் ஒருபோதும் சேராது. அருகருகே எடுத்தால் ஒரே ஊடை (குறுக்கு இழை) இரண்டு துண்டிலும் ஓடும், டிசைன் தானாகவே சேரும். பின்பக்கத்தையும் அதற்கு ஒட்டினாற்போலவே எடுங்கள்.

ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று பல சைஸ் போடும்போது டிசைன் துணியின் அகலத்தை மாற்றாதீர்கள். எல்லா சைஸுக்கும் ஒரே அகலத்தில் டிசைன் துண்டை வைத்து, பக்கவாட்டில் வெறும் நிறத் துணியில் ஒரு நீளப் பட்டை சேர்த்து அதை மட்டும் கூட்டிக் குறையுங்கள். பூ பாதியில் வெட்டுப்படாது, துணிக் கணக்கும் எளிதாகும்.

குறுகிய துணிகளை எப்படி இணைப்பது என்பதற்கு மிண்டனாவோவிலேயே அருமையான விடை இருக்கிறது. மரனாவ் மக்களின் மாலோங், உடலைச் சுற்றி அணியும் குழாய் வடிவத் துணி. துண்டுகளை இணைத்துத்தான் அது உருவாகிறது. இணைக்கும் இடத்தில் லாங்கிட் என்ற தனியாக நெய்த, பளீரென்ற நிறங்கள் கொண்ட பட்டையை வைக்கிறார்கள். உடையிலேயே கண் முதலில் போகும் இடம் அந்தப் பட்டைதான். தையலை உள்ளே ஒளிக்கப் படாதபாடு படும் ஒவ்வொரு டிசைனரும் ஒரு மாலோங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டினாலக்

தெற்கு கோட்டபாட்டோ மாகாணத்தில் சேபு ஏரியைச் சுற்றி வாழும் டிபோலி மக்களின் துணி இது. அபாகா மட்டையிலிருந்து நாரை உரித்து, சீவி, முனையோடு முனை முடிந்து நீள இழையாக்குகிறார்கள். பாவு இழைகளைச் சட்டத்தில் கட்டி, சாயம் ஏறக் கூடாத இடங்களில் மெழுகு தடவிய நூலால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். கருப்பு ஒரு மரத்தின் இலையிலிருந்தும் சிவப்பு லோகோ என்ற வேரிலிருந்தும் வருகிறது. நாரின் சொந்த நிறம் மூன்றாவது. டிசைன் முழுவதும் பாவிலேயே இருக்கும். ஊடை ஒரே நிறம். நெய்து முடித்ததும் துணியை அலசி, அடித்து, சோழியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். ஒரு துணி முடிய மாதக் கணக்கு ஆகும். டிசைன்கள் அபாகாவின் ஆவியான ஃபூ டாலு கனவில் காட்டுபவை என்பது அவர்கள் நம்பிக்கை. 1998இல் பிலிப்பைன்ஸ் அரசு தேசியக் கலைச்செல்வமாக அறிவித்த லாங் டுலாய் இந்த நெசவின் பெரிய பெயர், 2015இல் மறைந்தார்.

இந்தத் துணியை வெட்டினால் நோய் வரும் என்பதும் அவர்களின் பழைய நம்பிக்கை. விற்கும்போது பித்தளை வளையம் ஒன்றைக் கட்டித் தருவதும் வழக்கம். இன்று சந்தைக்கு வரும் டினாலக் பையாகவும் செருப்பாகவும் வெட்டப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு டிசைனர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த டிசைனை வெட்டலாம், எதை முழுசாக வைக்க வேண்டும் என்று நெசவாளரிடமே கேட்டுவிட்டு அதன்படி பேட்டர்ன் போடுங்கள். கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். வெட்டைக் குறைப்பது தையல் கோணத்திலும் நல்லது. இந்த நாரை எவ்வளவு குறைவாக வெட்டுகிறீர்களோ அவ்வளவு நாள் உடை நிற்கும்.

டினாலக் விறைப்பான துணி, குழையாது. சுருக்கு, டார்ட் (உடல் வளைவுக்காக முனை ஒடுங்கத் தைக்கும் மடிப்பு), பயாஸ் வெட்டு (துணியைச் சாய்வாக வெட்டுவது) மூன்றையும் மறந்துவிடுங்கள். டார்ட் முனையில் ஒரு கூம்பு நிற்கும், எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது. ஜாக்கெட்டின் முதுகுப் பலகை, அகலமான பெல்ட், பாவாடையின் முன்பக்க நேர்த் துண்டு, தோள் பட்டி, கை முனைப் பட்டை ஆகியவற்றுக்கு அருமையாக வரும். உடலோடு நேராகத் தொடும் இடத்தில் வைக்காதீர்கள். வெட்டிய நார் முனைகள் கம்பி மாதிரி குத்தும். கழுத்திலும் கைக்குழியிலும் மெல்லிய பருத்தியில் முழு லைனிங் கட்டாயம்.

வெட்டும் முறை: கோடு போட்டதும் வெட்டாதீர்கள். கோட்டுக்கு உள்பக்கமாக 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல் ஓட்டுங்கள், அதற்குப் பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் மேஜையிலிருந்து மெஷினுக்குக் கொண்டுபோவதற்குள் நாலைந்து இழை உருவிக்கொண்டு வந்துவிடும். தையலுக்கு 2 சென்டிமீட்டர் விட்டு, விளிம்பைப் பருத்தி நாடாவால் மூடுங்கள். ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் மெஷினில் போடும் சுற்றுத் தையல்) மட்டும் போதாது. நார் வழுக்கி ஓவர்லாக்கோடு சேர்ந்தே கழன்று வரும். ஊசி 14ஆம் நம்பர், தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். சின்னத் தையல் போட்டால் துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலை கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசி குத்தாதீர்கள், துளை மூடாது, கிளிப் போடுங்கள். பிரித்துத் தைக்கவும் கூடாது என்பதால் எல்லா அளவையும் முதலில் காடாத் துணியில் தைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மடிப்பு இன்னொரு கவனம். விளிம்பைக் கத்தி மடிப்பாக மடித்து அழுத்தினால் மடிப்புக் கோட்டில் நார் உடைந்து, சில மாதங்களில் வெளுத்த கோடு தெரியும். மடிக்க வேண்டிய இடங்களில் டினாலக்கை நிறுத்திவிட்டு, வேறு துணியில் பட்டி வைத்து முடியுங்கள். நீராவி இஸ்திரி வேண்டாம். சோழியால் ஏற்றிய பளபளப்பு ஈரத்தில் மங்கிவிடும். மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில், உலர்வாக அழுத்துங்கள்.

பின்யா

அக்லான் மாகாணத்தின் காலிபோ நகரம் இதற்குப் பெயர் பெற்றது. அக்லானின் பின்யா கைத்தறி நெசவு 2023 டிசம்பரில் யுனெஸ்கோவின் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அன்னாசி இலையின் மேல்தோலை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டினால் முதலில் வருவது பஸ்தோஸ் என்ற முரட்டு நார். அதற்குக் கீழே இருப்பது லினிவான் என்ற மெல்லிய நார். உடைக்கு வேண்டியது லினிவான். இலையின் நீளத்துக்கு மேல் இழை கிடையாது. ஒவ்வொன்றையும் கையால் முடிந்துதான் நூலாக்க வேண்டும். ஒரு நல்ல பின்யாத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசி ஒட்டினாற்போல மிக நுண்ணிய முடிச்சுகள் அங்கங்கே தெரியும். எங்கும் ஒரு முடிச்சுகூட இல்லாமல் கண்ணாடி மாதிரி சீராக இருந்தால் அது பெரும்பாலும் பாலியஸ்டர் ஆர்கன்சா.

பாவு பட்டு, ஊடை பின்யா என்று நெய்த கலப்புக்குப் பின்யா செடா என்று பெயர். விலை குறைவு, கொஞ்சம் குழைவும் வரும், பாவு அடிக்கடி அறாது. முதல்முறை தைப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

பின்யாவில் எல்லாமே வெளியே தெரியும். தையலுக்கு விட்ட துணி, ஓவர்லாக், டார்ட்டின் மடிப்பு எல்லாம் நிழலாக விழும். ஆகவே தையல் எல்லாம் பிரெஞ்ச் சீம் (விளிம்பை உள்ளே மூடி இரண்டு முறை தைப்பது), முடிந்த அகலம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். ஊசி 8 அல்லது 9ஆம் நம்பர், தையல் நீளம் 2 மில்லிமீட்டர். அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். பேப்பர் இல்லாவிட்டால் மெஷினின் பல் துணியை உள்ளே இழுத்துவிடும். பியூசிங் (சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டாதீர்கள். பசையின் புள்ளிகள் முன்பக்கம் வரை தெரியும். விறைப்பு வேண்டுமென்றால் அதே துணியை இரண்டு மடிப்பாக வைப்பதே வழி. இடுப்பை ஒடுக்க டார்ட்டுக்குப் பதிலாக வரிசையாக மெல்லிய பின்டக் (மிகக் குறுகிய தையல் மடிப்பு) போடுங்கள். அதன் நிழலே அலங்காரமாகிவிடும்.

எம்பிராய்டரி செய்வதாக இருந்தால் வரிசை முக்கியம். லகூனா மாகாணத்தின் லும்பான் ஊர்க்காரர்கள் பாரோங் தகாலோக் என்ற பிலிப்பைன்ஸ் ஆண்களின் மரபுச் சட்டைகளுக்குப் பூவேலை செய்வதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் முழுத் துணியையும் சட்டத்தில் இறுக்கிப் பூட்டி வேலை செய்வார்கள். பேட்டர்னின் வெளிக்கோட்டை முதலில் துணியில் வரைந்து, அதற்குள் எம்பிராய்டரி, பிறகு இழை உருவிச் செய்யும் கலாடோ வேலை, பிறகு அலசல், கடைசியில்தான் கத்தரி. துண்டாக வெட்டிவிட்டுச் சட்டத்தில் பூட்டினால் விளிம்பு கோணும், வலது மார்பும் இடது மார்பும் ஒரே அளவில் இருக்காது. எம்பிராய்டரி துணியைச் சற்றே உள்வாங்கும் என்பதால் வேலை அடர்த்தியாக வரும் துண்டுகளுக்குச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

இனாபெல்லும் மற்றவையும்

அன்றாட உடைக்கு மிகவும் ஒத்துவருவது இனாபெல்தான். பருத்தி, உடலுக்குச் சுகம், துவைக்கலாம், மெஷினில் எளிதாகத் தைக்கலாம். பினாகோல் என்ற வகையில் சின்னதும் பெரிதுமான கட்டங்கள் சேர்ந்து சுழல்போலக் கண்ணை இழுக்கும். கடலில் போகிறவர்களைக் காக்கும், கெட்ட ஆவிகளைக் குழப்பும் என்று அந்தச் சுழலுக்கு அர்த்தம் சொல்வார்கள். உடையில் அதை வைக்கும்போது சுழலின் மையம் மார்பிலோ வயிற்றிலோ விழாமல் பாருங்கள். உடல் புடைக்காத இடத்தில் புடைத்ததுபோல் தெரியும். முதுகின் நடுவிலோ பாவாடையின் கீழ்ப்பக்கமோ வைத்தால் கம்பீரமாக இருக்கும். துணியின் இரண்டு பக்கமும் டிசைன் நிறம் மாறி வருவதால் லைனிங் இல்லாத ஜாக்கெட் போட்டு, காலரையும் கைமுனையையும் வெளியே மடித்துவிடலாம்.

பினிலியான் என்ற வகையில் கூடுதல் ஊடை கொண்டு பூக்கள் போடுவார்கள். இலோகோஸ் நோர்ட்டேயின் பினிலி ஊரைச் சேர்ந்த மக்தலேனா காமயோ 2012இல் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டது இந்த இலோகோஸ் நெசவுக்காகத்தான். பூ இழைகள் துணியின் மேலே தளர்வாக மிதந்து போவதால் முழங்கை, உட்காரும் இடம், பை உரசும் பக்கம் ஆகியவற்றில் கொக்கி மாட்டி இழுபடும். பின்பக்கம் மிதக்கும் இழை மோதிரத்தில் சிக்கும், லைனிங் வேண்டும். பூவின் நடுவே வெட்ட நேர்ந்தால் வெட்டுக்கோட்டின் பின்பக்கம் அரை அங்குல மெல்லிய பியூசிங் பட்டையை முதலில் ஒட்டுங்கள்.

இனாபெல்லை வெட்டுமுன் நனைக்காமல் விட்டால் பிறகு வருத்தம்தான். துணியின் ஒரு மூலையில் 20 சென்டிமீட்டர் சதுரத்தை நூலால் குறித்து, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, திரும்ப அளந்து பாருங்கள். பாவுப் பக்கம் 19 ஆகியிருந்தால் 5 சதவீதம். ஊடைப் பக்கம் வேறு கணக்கு வரும். இரண்டையும் தனித்தனியாகப் பேட்டர்னில் சேருங்கள். லைனிங்கையும் இதேபோல் நனைத்தெடுங்கள். ஜாக்கெட் துணி 5 சதவீதமும் பாப்ளின் லைனிங் 2 சதவீதமும் சுருங்கினால் முதல் துவைப்பிலேயே லைனிங் கீழே எட்டிப் பார்க்கும். கருப்பு வெள்ளை, சிவப்பு வெள்ளைத் துணிகளில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை ஈரமாக வைத்துத் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் தண்ணீர் நிறமில்லாமல் போகும்வரை அலசிவிட்டு வெட்டுங்கள்.

ஹாப்லோன் இலோயிலோவின் மியாகாவ் பக்கம் நெய்வது. இன்று பருத்தி, ரேயான், பாலியஸ்டர் எல்லாம் கலந்து வருகிறது. குழைவான துணி, கவுன், ரவிக்கை, சுற்றுப் பாவாடைக்குப் போகும். அதே பனாய் தீவின் அன்டீக் மாகாணத்தில் புகாசோங் ஊரின் கட்டம் போட்ட பதாட்யோங் சட்டைக்கு மிக நல்லது. கட்டம் போட்ட லுங்கி பார்த்து வளர்ந்த நமக்கு அது உடனே பழகியதுபோல் தெரியும். சோழமண்டலக் கரைத் துணிகள் மதராஸிலிருந்து மணிலாவுக்குக் கப்பலேறிய காலமும் உண்டு. 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டிய ஆர்மீனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் அந்த மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர்.

இனாவுல்லில் ஜரிகை வரும். இஸ்திரிச் சூடு பட்டால் ஜரிகை சுருண்டு கறுக்கும். பின்பக்கம் மட்டும், மேலே துணி போட்டு அழுத்துங்கள். யாக்கான் துணி தடிப்பு. பை, வெயிஸ்ட் கோட், காலர், பெல்ட்டுக்குச் சரி. 1970களில் பசிலானின் சண்டைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் சம்போவாங்கா நகரில் குடியேறி நெய்வதால் அங்கேயே நேரில் வாங்கலாம்.

தெர்னோவின் கை

பிலிப்பைன்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் பட்டாம்பூச்சிக் கை வைத்த கவுன் தெர்னோ. ரவிக்கை, பாவாடை, தோளில் மடித்துப் போடும் துணி என்று தனித்தனியாக இருந்ததை ஒற்றை கவுனாக்கிய பெருமை ரமோன் வலேராவுக்குச் சேரும். 2006இல் ஃபேஷன் டிசைனுக்காகத் தேசியக் கலைஞர் ஆனார். இன்றைய டிசைனர்கள் கைத்தறியைக் காட்ட முதலில் நாடுவதும் இந்தக் கையைத்தான். அடிக்கடி கெடுவதும் இங்கேதான். கை பலூன் மாதிரி உப்பக் கூடாது. தோளிலிருந்து தட்டையாக எழுந்து, மேல் விளிம்பு மட்டும் வளைந்து நிற்க வேண்டும். அரைவட்டத் துண்டின் நேர்ப் பக்கத்தை ஒரே திசையில் சின்னச் சின்ன மடிப்பாக எடுத்துக் கைக்குழியில் சேர்ப்பார்கள். உள்ளே விறைப்பான வலைத்துணி ஒன்றோ இரண்டோ அடுக்கு. பின்யா அதற்கென்றே பிறந்ததுபோல் நிற்கும். இனாபெல் கனம் தாங்காமல் தொங்கும். அதை வெளி அடுக்காக மட்டும் வைத்து உள்ளே வலைத்துணியைக் கூட்டுங்கள். டினாலக்கை மடிப்பு எடுக்க முடியாது. மடிப்பே இல்லாமல் ஒரே வளைவாக, மேல் விளிம்பில் உருண்டையான பைப்பிங் (உள்ளே கயிறு வைத்துத் தைத்த விளிம்புப் பட்டி) வைத்து நிறுத்த வேண்டும். எந்தத் துணியானாலும் கையைக் கடைசியில், கவுனை ஆளுக்கு அணிவித்துப் பார்த்துவிட்டு, கையால் தையுங்கள். ஒரு விரல் அகலம் முன்னால் சாய்ந்தாலும் கழுத்து குறுகித் தெரியும்.

வாங்குவது, ஆர்டர் கொடுப்பது

அச்சடித்த போலிகள் நிறைய வருகின்றன. டினாலக், பினாகோல் டிசைன்களைப் பாலியஸ்டரில் பிரின்ட் எடுத்துக் கைத்தறி என்று விற்பார்கள். துணியைத் திருப்புங்கள், பின்பக்கம் வெளுத்திருந்தால் பிரின்ட். ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். பருத்தியும் அபாகாவும் பின்யாவும் காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். உண்மையான டினாலக்கில் டிசைனின் ஓரம் ஒருபோதும் கத்தி வெட்டாக இருக்காது. கட்டிச் சாயமிட்ட பாவு சற்றே நகர்வதால் ஓரம் மென்மையாகக் கலங்கியிருக்கும்.

மரபு டிசைன்களை எடுத்து மில்லில் நெய்வதோ அச்சடிப்பதோ ஸ்டைல் விஷயம் மட்டும் இல்லை. 1997இல் வந்த பூர்வகுடி உரிமைச் சட்டமான குடியரசுச் சட்டம் 8371 அந்த மக்களின் பண்பாட்டு உடைமைகளை, முன்கூட்டியே கேட்டுப் பெற்ற சம்மதமில்லாமல் எடுப்பதற்கு எதிராகப் பாதுகாக்கிறது. சில துணிகளுக்கு இடம் பொருள் உண்டு. இஃபுகாவ் மக்கள் இறந்தவரைப் போர்த்தும் போர்வையின் டிசைனைப் பார்ட்டி கவுனாக்குவது அந்தக் குடும்பங்களை நோகடிக்கும். வாங்கும்போதே இது எதற்கு நெய்வது என்று கேட்டுவிடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது ஐந்து விஷயங்களை எழுத்தில் வையுங்கள்: நூல் எது, முடிந்த பன்னா எவ்வளவு, டிசைனின் ரிப்பீட் அளவு, ஒரே பாவில் எத்தனை மீட்டர் வேண்டும், எந்தத் தேதி. ஒரே பாவு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வேறு பாவில் சாய நிறம் ஒரு சாயல் மாறும், ஜாக்கெட்டின் கை ஒரு நிறம் உடம்பு ஒரு நிறமாகும். உங்கள் உடைக்கு அகலம் 2 அங்குலம் கூடுதலாக வேண்டுமென்றால் மிதிதறிக்காரரிடம் பாவு போடும் முன்பே பேசலாம். அவரால் முடியும் என்றால் போடுவார், பாவு ஏறிய பிறகு யாராலும் முடியாது. முன்பணமாக நூல் விலையாவது கொடுங்கள். பருத்தி நூலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. விலை ஏறினால் சுமை நேராக நெசவாளர் தலையில்தான் விழும். நடவு, அறுவடை மாதங்களில் பலர் வயலுக்குப் போய்விடுவார்கள் என்பதையும் தேதிக் கணக்கில் சேருங்கள். ஃபேஷன் ஷோ தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினால் அடி தளர்ந்த துணிதான் வரும். தளர்ந்த துணி தையலில் விலகும்.

பெரிய அளவு ஆர்டர் தேடுகிறவர்கள் 2004இன் குடியரசுச் சட்டம் 9242ஐத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு ஊழியர் சீருடைகளில் அபாகா, அன்னாசி, வாழை, பட்டு போன்ற உள்நாட்டு நார் கலந்த துணிகளைப் பயன்படுத்த அது வழிசெய்கிறது. அந்தத் துணிகளின் ஆராய்ச்சியைத் தகீக் நகரில் உள்ள பிலிப்பைன்ஸ் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் கவனிக்கிறது. நார் கலப்பு நூல், இயற்கைச் சாயம் பற்றித் தொழில்நுட்பக் கேள்வி இருந்தால் கேட்கவேண்டிய இடம் அது.

முடித்த உடையைக் கொடுக்கும்போது பராமரிப்புச் சீட்டில் துணிக்குத் துணி தனியாக எழுதுங்கள். இனாபெல்: குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, நிழலில் காயவைக்கவும். பின்யா: கையால் அலசவும், பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, அரை ஈரத்தில் இஸ்திரி, கஞ்சி போட்டு அணிந்தால் அலமாரியில் வைக்கும் முன் அலசிவிடவும், கஞ்சிக்குப் பூச்சி வரும். டினாலக்: நனைக்க வேண்டாம், உலர்ந்த மென்துணியால் துடைக்கவும். பின்யாவும் டினாலக்கும் மடித்து வைத்தால் மடிப்பிலேயே அறும். காகித உருளையில் சுருட்டியோ அகலமான தோள் வைத்த ஹாங்கரில் தொங்கவிட்டோ வைக்கச் சொல்லுங்கள். இரண்டு துணிகள் சேர்ந்த உடையாக இருந்தால் இரண்டில் எது மென்மையானதோ அதன் விதியே முழு உடைக்கும்.